மேனேஜரின் உடைந்த பல்

போன வாரம் புவனா ஒரு எக்ஸ்ரே படத்தை என் போனுக்கு அனுப்பியிருந்தாள். கோயம்புத்தூரில் நாய், பூனைகளுக்கென்றே நடக்கும் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கும் இளம் டாக்டர் அவள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் என்னிடம் பயிற்சியில் இருந்தவள். படத்தில் ஒரு நாயின் பல், வேரோடு, பளிச்சென்று தெரிந்தது. கீழே எழுதியிருந்தாள்: "மேடம், பல் உடைஞ்சிருக்கு. எடுத்துடறதுங்களா, விட்டுடறதுங்களா? நீங்க அந்தக் காலத்துல இந்த மெஷின் இல்லாம எப்படிங்க முடிவு பண்ணுனீங்க?"

அந்தக் காலமாம். நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்து நான்கு வருடம்தான் ஆகிறது.

கேள்விக்கு உடனே பதில் அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதிலை நான் கற்றுக்கொண்ட கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடப் பாதிதான் சொன்னேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. இப்போது கோயம்புத்தூரில் கணபதி என்ற பகுதியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து, கீழே லேத் பட்டறைகள் போடும் சத்தத்துக்கு நடுவே இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் எங்களுக்கு மாடுதான் படிப்பு. மடி, சினை, கன்று, கோமாரி. நாயின் பல்லுக்கென்று ஒரே ஒரு மதிய வகுப்பு நடந்தது. அதில் நான் தூங்கிவிட்டேன். பிறகு வேலைக்கு வந்து முதல் இரண்டு வருடம் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கால்நடை மருத்துவமனையில், ஆரோக்கியம் சார் என்ற அறுவை சிகிச்சை மருத்துவருக்குக் கீழே போட்டார்கள். பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் பார்த்ததுதான்.

அவர் பயந்த சுபாவம். இதை மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. மயக்க ஊசி போட வேண்டிய நாயின் நெஞ்சில் மூன்று தடவை குழாய் வைத்துக் கேட்பார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, "எதுக்கும் இன்னொருக்கா பாத்துக்கலாமுங்க" என்பார். எங்களை அதட்டும்போது ஒருமை வரும். நாயிடம் மட்டும் தப்பாமல் மரியாதை. "கொஞ்சம் வாயைத் திறங்க சாமி. ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க." அதற்குமுன் கருவிகளையெல்லாம் துணி போட்டு மூடிவிடுவார். நாய்க்கு நேர் எதிரே நிற்க மாட்டார். பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதைத் தடவி, கன்னத்தைத் தடவி, அப்புறம்தான் விரலால் மேல் உதட்டை மெதுவாகத் தூக்குவார்.

உடைந்த பல்லில் நடுவே ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். மெல்லிய ஊசி முனையால் அந்த இடத்தைத் தடவுவார். ஊசி வழுக்கிக்கொண்டு போனால், பல்லின் மேலோடுதான் போயிருக்கிறது, விட்டுவைத்துக் கவனிக்கலாம். ஊசி ஒரு குழியில் சிக்கினால் உள்ளே இருக்கும் நரம்பு திறந்துவிட்டது. அப்புறம் விட்டுவைக்க முடியாது. வேர் சிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு வசதி இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும்போது அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து வைப்பார். எடுத்த வேர் ஒவ்வொன்றையும் அதில் வரிசையாக வைக்க வேண்டும். மூன்று வேர் உள்ள பல்லென்றால் துணியில் மூன்றும் வந்து சேரும்வரை தையல் நூலின் உறையைப் பிரிக்க விடமாட்டார். "வேர் எத்தனைங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நுனி முறிந்து உள்ளே நின்றுவிட்டால் மதியச் சாப்பாடு எங்கள் யாருக்கும் கிடையாது. எரிச்சலாக வரும். டிபன் பாக்ஸ் ஆறிப்போவதைப் பார்த்து மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன்.

பிறகு எனக்குக் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு மாற்றல் வந்தது. அங்கே பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தேன். காலையில் கேட்டைத் திறப்பதற்குள் சினை ஊசிக்கு மாடுகள் வரிசையில் நிற்கும். உதவியாளர் காளியப்பன் மாட்டைப் பிடிப்பார், நான் ஊசி போடுவேன், நோட்டில் எழுதுவேன். நாய் வந்தால் எல்லா மாடும் போன பிறகுதான்.

மேனேஜர் என்பது ஒரு நாயின் பெயர். பொன்னுசாமி என்பவரின் தென்னந்தோப்பில் கொப்பரை காயப்போடும் களத்துக்குக் காவல். தேங்காய் ஏற்ற லாரி வந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து கடைசிக் காய் ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தப் பெயர். எட்டு ஒன்பது வயதிருக்கும், செம்பழுப்பு நிறம், பெரிய தலை. களத்தில் கொட்டாங்குச்சிக்குப் பஞ்சமே இல்லை. அதைக் கடித்து உடைப்பதுதான் அதற்கு நாள் முழுக்கப் பொழுதுபோக்கு. முதல் தடவை கூட்டிவந்தபோதே பொன்னுசாமி பெருமையாகச் சொன்னார்: "கொட்டாங்குச்சியவே அப்பளமாட்ட நொறுக்கிப்போடுமுங்க." நானும் சிரித்தேன்.

வந்தது அதற்காக இல்லை. வலது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம், நடுவில் சீழ் உடைந்த ஓட்டை. "மட்டை குத்திப்போட்டுதுங்க" என்றார். தென்னந்தோப்பு நாய்க்கு முகத்தில் காயமென்றால் விழுந்த மட்டை குத்தியதாகத்தான் இருக்கும் என்று அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அத்தனை வருடம் அங்கேயே இருந்து நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன். கழுவினேன், ஐந்து நாளைக்கு ஊசி, தடவக் களிம்பு. நோட்டில் 'மட்டை குத்திய காயம்' என்று எழுதினேன். ஆறிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி வீங்கியது. அதே ஊசி, அதே களிம்பு, அதே வரி. அடுத்த மூன்று மாதத்தில் மூன்றாவது தடவை. இந்த நாய்க்கு எத்தனை மட்டைதான் அதே இடத்தில் குத்தும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெளியே ஏழு மாடு நின்றது. மூன்று தடவையும் மேனேஜர் என் கையை நக்கிக்கொண்டே நின்றது. நல்ல குணம் என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தேன். உதட்டைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

அந்த மூன்றாவது தடவைக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, காலை ஒன்பது மணிக்குப் பொன்னுசாமி மூச்சிரைக்க வந்தார்.

"டாக்டரம்மா, மேனேஜர் ஊட்டுல சரசுவக் கடிச்சுப்போட்டுதுங்க. கையில பல்லு எறங்கிருச்சு. நேத்துருந்து சோறு தண்ணி தொடுலீங்க. எச்சில் நூலாட்ட ஒழுகுது. எங்கண்ணன் தடியோட நிக்கறாருங்க. நீங்க வந்து ஊசியப் போட்டுக் கதைய முடிச்சுப்போடுங்க."

சரசு அவர் மனைவி. கடி எப்படிப் பட்டது என்று கேட்டேன். கண்ணுக்குக் கீழே நான் கொடுத்த களிம்பைத் தடவும்போது கடித்ததாம்.

வெறிநாய்க்கடி என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தடுப்பூசி போட்டீர்களா என்றேன். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் முகாமில் போட்டதாம். அப்புறம் போடவில்லை. சரசுவை உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, காளியப்பனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். போகும் வழியில்தான் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். பத்து நாளைக்கு முன் ஒரு மாட்டின் கயிறு அறுத்த காயம், பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாக இருந்தது. போன வாரம் மேனேஜர் நக்கிய கை. வெறி பிடித்த நாயின் எச்சிலில், நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னாலேயே விஷம் வந்துவிடும்.

நாயைக் கொப்பரை வைக்கும் அறையில் விட்டு இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டியிருந்தார்கள். மூலையில் நின்றது. எச்சில் ஒழுகியது உண்மைதான். ஆனால் வலது பக்கமாக மட்டும், அதில் ஒரு ரத்தக் கோடு. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தது. வெறியில் தொங்குவதுபோல் தாடை தொங்கவில்லை. என்னைப் பார்த்ததும் வாலின் நுனி இரண்டு தடவை ஆடியது. அந்த நிமிடம்தான் எனக்குப் பளிச்சென்றது. கண்ணுக்கு நேர் கீழே மேல் தாடையில், எலும்பைக் கடித்து வெட்டும் பெரிய பல் இருக்கிறது. அதன் வேர் கண் வரைக்கும் போகும். கொட்டாங்குச்சி. மட்டை. மூன்று தடவை.

வெறியா, பல்லா? வாயைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அந்த வாயில் கை வைக்க முடியாது. ஆரோக்கியம் சாருக்குப் போன் செய்தேன். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.

முழுக்கக் கேட்டுவிட்டு, "வாயில கை வைக்காதீங்க" என்றார். அதையே மறுபடி சொன்னார். "அதைக் கொல்லவும் உடாதீங்க. பத்து நாள் பூட்டி வெச்சுப் பாருங்க. பத்து நாளும் உசுரோட நல்லா இருந்துதுன்னா, கடிச்சப்ப எச்சில்ல வெறி இல்லீன்னு அர்த்தம். உங்க விரலுக்கு ஊசி போட்டாச்சுங்களா? மொதல்ல அதப் போடுங்க."

பொன்னுசாமியின் அண்ணன் தடியைக் கீழே வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. கொன்றுவிட்டால் எது என்றே தெரியாமல் போய்விடும், கடிபட்டவருக்குத்தான் அது பெரிய இம்சை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. கடைசியில் சரசுதான் மருத்துவமனையிலிருந்து கட்டுப் போட்ட கையோடு திரும்பிவந்து ஒரே வார்த்தையில் முடித்தார். "அது கெடக்கட்டுமுங்க மாமா. அது உசுரோட இருந்தா நானும் இருப்பேன்."

மருத்துவமனையில் காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டு, பயப்பட வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அந்த அம்மணியின் மனதில் கணக்கு அதுதான். நாய் பத்து நாள் பிழைத்தால் தான் பிழைப்போம். நானும் அதே கணக்கைத்தான் வைத்திருந்தேன், வெளியே சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல். பல் வலிதான் என்றால், வலியில் சாப்பிடாமல் பட்டினி கிடந்தே நாய் செத்துப்போகலாம். பத்து நாளுக்குள் செத்தால் எல்லோரும் வெறி என்றே முடிவு கட்டுவார்கள். அதனால் தினமும் காலையும் மாலையும் போனேன். சங்கிலியைக் கம்பி வழியாக இழுத்து, நாயைக் கதவோடு ஒட்டி நிற்கவைத்துக் காளியப்பன் பிடிப்பார். வலிக்கும் சீழுக்கும் தொடையில் ஊசி, தோலுக்கு அடியில் குளுக்கோஸ். கையுறை இரண்டு, அதன் மேல் இன்னொன்று. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுவேன். சாப்பிடும்போது தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதா என்று நானே எனக்குச் சோதனை வைத்துக்கொள்வேன். கணவர் கேட்டால் தொண்டை கரகரப்பு என்பேன். படித்தவள்தான். பூஸ்டர் ஊசியும் போட்டுக்கொண்டவள்தான். ஆனாலும் பயந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சரசு போன் செய்தார். "டாக்டரம்மா, தண்ணி குடிச்சுருச்சுங்க. தலையச் சாச்சு ஒரு பக்கமாவே குடிச்சுதுங்க." எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாருக்குச் சொன்னேன். எவ்வளவு குடித்தது என்று கேட்டார். பிறகு, "வெறி புடிச்சதும் சிலது தண்ணி குடிக்குமுங்க. எதுக்கும் பத்து நாள் ஆகட்டும்" என்றார். அந்த மனிதரை அன்றைக்கு எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆறாம் நாள்தான் மோசம். மேனேஜர் எழுந்தபோது பின்னங்கால் தள்ளாடியது. பட்டினியால் வந்த தளர்ச்சியா, நோய் காலுக்கு இறங்கியதா என்று சொல்ல முடியவில்லை. சரசு பக்கத்தில் நின்று என் முகத்தைத்தான் பார்த்தார், நாயைப் பார்க்கவில்லை. "பாத்துக்கலாமுங்க" என்றேன். மருந்தகத்துக்குப் போக மனமில்லாமல் களத்து ஓரத்தில் ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணி வாக்கில் தேங்காய் லாரி உள்ளே திரும்பியது. ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டதும் அறைக்குள் சங்கிலி இழுபட்டது. மேனேஜர் கம்பிக் கதவுக்கு வந்து, கால் நடுங்க நின்று, குரைத்தது. வெறி பிடித்த நாய்க்கு வரும் கம்மிப்போன குரல் இல்லை, ஊளை இல்லை, எப்போதும் லாரிக்காரர்களை அதட்டும் அதே குரல். சரசு கட்டுப் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அதேதானுங்க, அதே சத்தந்தானுங்க" என்றார். அன்று மதியம் மோர் சாதம் கரைத்து வைத்தோம். பாதியைக் குடித்தது.

பத்து நாள் முடிந்தது. பதினோராம் நாள் காலை ஆரோக்கியம் சார் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பழைய ரெக்சின் பை. அதில் அவர் போகும் சர்ச்சுக்கு வரும் ஒரு பல் டாக்டர் பழசென்று கொடுத்த, பல் அறுக்கும் கை மோட்டார், கணபதியில் ஒரு லேத்தில் சொல்லிச் செய்வித்த எஃகு நெம்பிகள், வெள்ளைத் துணி.

மேனேஜரை மருந்தகத்துக்குக் கொண்டுவந்திருந்தோம்; முந்தின இரவிலிருந்து அதற்குச் சாப்பாடு இல்லை. சார் நெஞ்சில் மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவையும் கேட்டார். மயக்கம் கொடுத்து, மூச்சுக் குழாய்க்குள் ஒரு டியூப் இறக்கினோம். கழுவும் தண்ணீர் உள்ளே போகாமலிருக்கத் தொண்டையில் துணி அடைத்தோம். அந்தத் துணியில் கட்டிய நூலின் நுனியை, எடுக்க மறந்துவிடக் கூடாதென்று நாயின் காதில் பிளாஸ்திரியால் ஒட்டினார் சார். பிறகு உதட்டைத் தூக்கினார்.

பல்லின் வெளிப்பக்கம் தேங்காய்ச் சில்லு பெயர்ந்த மாதிரி பெயர்ந்து, ஈறில் மட்டும் தொங்கியது. நடுவே கறுப்புப் புள்ளி. ஊசி முனையை வைத்தார். சிக்கியது. வலியில்லாமல் இந்த நாய் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க முடியாது, எத்தனை மாதமாகவோ.

"நீங்க எடுங்க" என்றார் சார். அவர் கையில் லேசான நடுக்கம் வந்திருந்தது. மோட்டாரால் பல்லை வேர்வாரியாக மூன்றாக அறுத்தேன். நெம்பியை நுழைத்து, லேசாகத் திருப்பி, அப்படியே பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் முறியும். பின் வேர் வந்தது. முன் வேர் வந்தது. உள்பக்க வேர் பாதியில் முறிந்தது.

"வேர் எத்தனைங்க?"

"ரெண்டரைங்க சார்."

நாயின் விலா மேல் கை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்த காளியப்பன் திடீரென்று எண்ணுவதை நிறுத்தினார். மயக்க மருந்தைக் கொஞ்சம் முன்னால்தான் இன்னொரு முறை ஏற்றியிருந்தோம். மூச்சு இல்லை. சார் டியூப்போடு பலூனை இணைத்து மெதுவாக அழுத்தினார். "மூச்சு உடுங்க சாமி. மூச்சு உடுங்க" என்று அதே மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சரசு நின்றது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு விலா தானாக ஒரு தடவை ஏறி இறங்கியது. "ஒண்ணு" என்றார் காளியப்பன். "ரெண்டு."

இதோடு தைத்துவிடலாம் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறுபடி நெம்பியை எடுத்தேன். அரிசி அளவு இருந்த அந்த நுனி வெளியே வர இருபது நிமிடம் ஆனது.

துணியில் மூன்றும் சேர்ந்த பிறகு, சார் குழியை உப்புத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினார். வாய்க்குள் பீய்ச்சிய தண்ணீர் கண்ணுக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே வந்து கன்னத்தில் வழிந்தது. நான் மூன்று தடவை களிம்பு தடவி மூடிய அதே ஓட்டை. சார் என் மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டினார். மட்டை குத்திய காயம், மட்டை குத்திய காயம், மட்டை குத்திய காயம். நோட்டை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலைக்குள் மேனேஜர் எழுந்து நின்றது. மூன்றாம் நாள் சோறு தின்றது. தையல் பார்க்கப் போன அன்று சரசுவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அது மட்டை குத்தியதே இல்லை, முதல் நாளே பல்தான், மூன்று தடவையும் நான் பார்க்கத் தவறினேன், உங்கள் கையில் பட்ட கடி என்னால் வந்தது.

அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த தழும்பைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில் வந்து அந்தக் கையை முகர்ந்தது.

"மூணு தடவையும் உங்க கைய நக்கிட்டேதான் நின்னுச்சுன்னு எங்கூட்டுக்காரர் சொன்னாருங்களே" என்றார். "வாய் வலிக்குதுன்னு அது சொல்லிட்டுத்தானுங்க இருந்திருக்குது."

நான் குனிந்து மேனேஜரின் உதட்டைத் தூக்கித் தையலைப் பார்த்தேன்.

புவனாவுக்கு நான் அனுப்பிய பதில் இதுதான். புள்ளியில் ஊசி சிக்கினால் எடுத்துவிடு, வேர்களை எண்ணு. பிறகு இன்னொரு வரியும் சேர்த்தேன். எந்த நாயாவது உன் கையை நக்க வந்தால், தட்டிக்கொடுப்பதற்கு முன்னால் உதட்டைத் தூக்கிப் பார்.